கிடேரிக்குத் தோலில் கட்டி: நோய் தெரியாத உழவு மாடுகளை விற்றுவிடலாமா?

கேள்வி: பர்மாவில் பெகு பக்கத்துக் கிராமம் எங்களுடையது. ஆறு ஏக்கரில் நெல், அறுவடை முடிந்ததும் உளுந்து. ஒரு ஜோடி உழவு மாடு, ஒரு கறவைப் பசு, ஒரு கிடேரி இருக்கின்றன. ஐந்து நாளாகக் கிடேரிக்குக் காய்ச்சல். கழுத்திலும் விலாவிலும் கொட்டைப்பாக்கு அளவில் கட்டி கட்டியாக இருக்கிறது, முன்னங்கால் வீங்கிவிட்டது. மற்ற மூன்றும் நன்றாகத் தீனி தின்கின்றன. இப்போது ஒரு மாட்டு வியாபாரி வந்து உழவு மாடு இரண்டையும் நல்ல விலைக்குக் கேட்கிறார். கிடேரியையும் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். நோய் பரவுவதற்குள் கொடுத்துவிடலாமா ஐயா? பசுவின் பாலைக் குடிக்கலாமா? இன்னொன்று: என் மாமா அடுத்த மாதம் பழனிக்குப் போய் வருகிறார். இரண்டு ரஸ்தாளி வாழைக்கன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வாடாமல் பையில் வைத்து எப்படிக் கொண்டுவருவது?

பதில்: விற்காதீர்கள் தம்பி. கிடேரியையும் வேண்டாம், நன்றாக இருக்கும் உழவு மாடுகளையும் வேண்டாம். மழை தொடங்கும் நேரத்தில் கையில் பணம் இல்லாமல் உழவுக்கு இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் இது தோல் கழலை நோய். தமிழ்நாட்டில் பெரியம்மை என்றும் சொல்வார்கள். கோமாரி என்றால் வாயில் புண், எச்சில் நூலாக ஒழுகும், குளம்பு இடுக்கில் கொப்புளம் இருக்கும். கிடேரியின் வாயைத் திறந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள். அதன் பிறகு கட்டி ஒன்றை இரு விரலால் பிடித்துப் பாருங்கள். கழலை நோய்க் கட்டி தோலின் மேலே ஒட்டிக்கொண்டிருக்காது, தோலின் முழுக் கனத்துக்கும் இறங்கி, கெட்டியாக, விளிம்பு தெரிய உட்கார்ந்திருக்கும். இன்னும் சில நாளில் அதன் நடுப்பகுதி செத்துக் கறுத்து, சுற்றிலும் வெடிப்பு விட்டு, தக்கை கழன்றதுபோல் விழும். விழுந்த இடத்தில் குழி. அந்தக் குழியில் ஈ முட்டையிட்டால் புழு வைக்கும். உதிர்ந்து கீழே விழும் பொருக்கில் கிருமி ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதனால் பொருக்கைக் கூட்டி எரித்துவிடுங்கள், குப்பையில் போட வேண்டாம்.

சரி, நன்றாக இருக்கும் மாட்டை விற்றால் என்ன என்று கேட்கிறீர்கள். கிருமி உள்ளே போய் அடையாளம் வெளியே வரப் பல நாள் ஆகும். உலக அளவில் கணக்குக்கு வைத்திருப்பது 28 நாள். கிடேரியைக் கடித்த அதே ஈ பக்கத்தில் கட்டியிருந்த உழவு மாட்டையும் கடித்திருக்கும். இன்று தீனி தின்கிறது, சாணம் ஒழுங்காகப் போடுகிறது என்பதால் அதன் உடம்பில் கிருமி இல்லை என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. அதை லாரியில் ஏற்றினால் இருபது முப்பது மாடுகளோடு நெருக்கி நிற்கும். சந்தையில் இன்னும் நூறு மாடுகளைப் பார்க்கும். மண்டலே வழியாகச் சீன எல்லையில் இருக்கும் மூசேக்குப் போகலாம், மியாவாடி வழியாகத் தாய்லாந்துப் பக்கம் போகலாம். நடுவில் ஒவ்வொரு இறக்கத்திலும் கொசுவும் கடி ஈயும் காத்திருக்கின்றன.

இந்த நோய் வந்த வழியைப் பாருங்கள். 1929-இல் ஆப்பிரிக்காவில், இன்றைய ஜாம்பியாவில்தான் முதலில் எழுதி வைத்தார்கள். பல பத்தாண்டுகள் அந்தக் கண்டத்துக்குள்ளேயே கிடந்தது. 2019-இல் வங்காளதேசம், இந்தியா. 2020-இல் நம் பர்மா. 2021-இல் தாய்லாந்து. ஒரு ஈ தானாகப் பறந்து கடக்கும் தூரம் கொஞ்சம்தான். இந்த நீண்ட தாவல்களில் பெரும்பங்கு மாட்டை ஏற்றிச் சென்ற வண்டிகளுக்கு. 2021-இல் தாய்லாந்து நம் மாடுகளை வாங்குவதைத் தடை செய்தது. எல்லையில் கதவு மூடினால் மாட்டின் விலை பெகு சந்தையில்தான் விழும், அங்கே மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவர் நம் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். நாட்டின் கால்நடையைக் காப்பது என்றால் ஏதோ தலைநகரத்து வேலை என்று நினைத்துவிடுகிறோம். இந்த நோயைப் பொறுத்தவரை இன்று அது உங்கள் தொழுவத்து வாசலில் நிற்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோமாரி வந்த ஒரு ஊரில், கன்றுக்கு வாய்ப்புண் இருந்த தொழுவத்திலிருந்து தாய்ப்பசுவை ஒருவர் விற்றார். அதற்கு அன்று ஒரு குறையும் இல்லை. நானும் அப்போது அழுத்திச் சொல்லவில்லை, அவருக்குப் பெண் கல்யாணம். வாங்கிப் போன ஊரில் அடுத்த வாரமே தெரு முழுக்க மாடுகள் நொண்டின. நடவு நேரம். மாடு கிடைக்காமல் அந்த ஊர்க்காரர்கள் கையால் மண் கொத்தியதைப் பார்த்தேன். அது என் மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால்தான் முதல் வரியிலேயே வேண்டாம் என்று எழுதினேன்.

அதற்காகப் பயந்துவிட வேண்டாம். இந்த நோயில் பெரும்பாலான மாடுகள் பிழைத்துக்கொள்ளும். நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து சாவது வழக்கம். ஆனால் தடுப்பூசி போடாத மந்தையில் பெருவாரியாக நுழைந்தால் கணக்கு மாறும். 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அப்படித்தான் ஆயிற்று, அந்த ஆண்டு இந்தியாவில் லட்சத்துக்கு மேல் மாடுகள் போயின.

இன்றே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கிடேரியைத் தனியாக, முடிந்த மட்டும் தூரமாகக் கட்டுங்கள். அதற்கென்று தனிக் கயிறு, தனித் தொட்டி. தீனி போடும்போது நல்ல மாடுகளை முதலில் கவனித்துவிட்டுக் கடைசியாக அதனிடம் போங்கள், வந்ததும் கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் பழைய கொசுவலை இருந்தால் இரண்டைச் சேர்த்துத் தைத்து அதைச் சுற்றிக் கட்டுங்கள். மனிதனுக்கு வலை கட்டிவிட்டு மாட்டை வெளியே விட்டுவிடுகிறோம். வேப்பிலைப் புகை மாலையில் போடுவது நல்லது, ஆனால் கடி ஈ பகலிலும் கடிக்கும். அது வளரும் இடம் சாணமும் மூத்திரமும் ஊறிய ஈர வைக்கோல். தொழுவத்து மூலையில் வைக்கோலை ஒரு கம்பால் கிளறிப் பாருங்கள், வெள்ளைப் புழுக்கள் நெளிவது தெரியும். இன்னும் இரண்டு மூன்று வாரத்தில் அவைதான் ஈ. அந்த ஈர வைக்கோலைத் தினமும் வாரி வெயிலில் பரப்பினால் மருந்து அடிப்பதைவிடப் பலன் அதிகம்.

கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. கால்நடை மருத்துவர் போடும் ஊசி காய்ச்சலையும் வலியையும் குறைக்கவும், கட்டி உடைந்த இடத்தில் சீழ் பிடிக்காமல் இருக்கவும்தான். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். அதிலும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து மாட்டுக்கு வேண்டவே வேண்டாம். அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன என்று கண்டுபிடித்து இந்தியாவிலும் நேபாளத்திலும் 2006-இலேயே மாட்டுக்குக் கொடுக்கத் தடை போட்டுவிட்டார்கள்.

தமிழ்நாட்டில் கால்நடைத் துறையினர் சொல்லும் கைமருந்து ஒன்று உண்டு. வெற்றிலை 10, மிளகு 10 கிராம், கல்லுப்பு 10 கிராம், இவற்றை அரைத்து வெல்லத்தோடு பிசைந்து நாக்கில் தடவிக் கொடுக்க வேண்டும். முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, அப்புறம் நாளுக்கு மூன்று வேளை, இரண்டு வாரம் வரை. வெற்றிலையும் பனைவெல்லமும் நம் ஊரில் தேடி அலைய வேண்டியதில்லை. புண்ணுக்கு: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம், அரை லிட்டர் நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறியதும் புண்ணைக் கழுவித் துடைத்துவிட்டுத் தடவுங்கள். இது மாட்டுக்கு இதமாக இருக்கும், தீனி எடுக்க உதவும். நோய் பரவுவதை இது தடுக்காது.

தடுக்க ஒரே வழி தடுப்பூசி. உங்கள் வட்டாரக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். அலுவலர் வர நாளாகும் என்றால் ஊரில் ஊசி போடும் கால்நடைப் பணியாளரைப் பிடியுங்கள், அவர் மூலம் செய்தி போகட்டும். ஊர்க்காரர்களுக்கும் மறைக்காமல் சொல்லுங்கள். 'நம் தொழுவத்தில் வந்துவிட்டது என்று தெரிந்தால் கௌரவக் குறைச்சல்' என்று பலர் மூடி வைக்கிறார்கள். ஈ கடித்து வந்த நோயில் என்ன கௌரவக் குறைச்சல் இருக்கிறது? ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு முழுமையாக வர மூன்று வாரம் ஆகும், ஆகையால் பக்கத்து வீட்டுக்காரருக்கு நீங்கள் ஒரு வாரம் முன்னால் சொன்னால் அவர் மாட்டுக்கு அந்த ஒரு வாரம் கிடைக்கிறது. ஒன்றை மட்டும் கறாராகக் கேளுங்கள்: ஒவ்வொரு மாட்டுக்கும் புது ஊசி. ஒரே ஊசியால் ஊர் மாட்டுக்கெல்லாம் குத்தினால் ஈ செய்யும் வேலையை நாமே செய்கிறோம். காய்ச்சல் இருக்கும் மாட்டுக்குப் போட வேண்டாம்.

பால்: இந்த நோய் மனிதருக்கு வராது. பசுவின் பாலை எப்போதும்போல் நன்றாகக் காய்ச்சிக் குடிக்கலாம். பிறகு அதற்கும் நோய் வந்து ஊசி போட நேர்ந்தால், மருத்துவர் சொல்லும் நாள் வரை பாலைக் கொட்டிவிடுங்கள்.

ஊர் சேர்ந்து சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு வெக்கை நோய் சாட்சி. நம் தாத்தாக்கள் பயந்து நடுங்கிய நோய் அது, மந்தை மந்தையாக வாரிக்கொண்டு போகும். இந்தியாவில் அது கடைசியாகத் தலைகாட்டியது 1995-இல், தமிழ்நாட்டின் வட ஆற்காட்டில். 2011-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். மாட்டு நோய்களில் முழுக்க ஒழிந்தது அது ஒன்றுதான். நல்ல தடுப்பூசி இருந்தது உண்மை. ஆனால் கடைசி மூலையிலும் அதைத் தேடிப் பிடிக்க முடிந்தது, மாடு மேய்ப்பவர்கள் 'இங்கே ஒன்று இப்படி இருக்கிறது' என்று மறைக்காமல் வந்து சொன்னதால்.

இப்போது வாழைக்கன்று. மாமாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மக்காச்சோளத்தை மொட்டையடிக்கும் படைப்புழு 2018-இல் நம் நாட்டுக்கு வந்தபோது யாரும் யாரையும் குறை சொல்ல முடியவில்லை, அந்த அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கும். வாழை நோய்கள் அப்படி இல்லை, கடலைத் தாண்ட அவற்றுக்கு நம் பை வேண்டும். ரஸ்தாளி வாடல் நோய்க்கு மிகவும் இடம் கொடுக்கும் ரகம். அந்த நோயைக் கொடுக்கும் பூஞ்சை கிழங்குக்குள் இருக்கிறது. மண் போகக் கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது. கிழங்கை வெட்டிப் பார்த்தால் செம்பழுப்புப் புள்ளிகள் தெரியும், ஆனால் நடுவதற்கு வாங்கிய கன்றை யார் வெட்டிப் பார்க்கிறார்கள்? ஒரு முறை உங்கள் மண்ணில் இறங்கினால் வாழையே இல்லாவிட்டாலும் பல பத்தாண்டு கிடக்கும். முடிக்கொத்து நோய் இன்னும் மோசம், ஆரம்பத்தில் கன்றைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. மாமா போகும் பழனியின் மலைகளில் விளையும் விருப்பாட்சி வாழை அந்த நோயால்தான் பெரிதும் அழிந்தது. பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம் அது. அனுமதியில்லாமல் கன்று கொண்டுவருவது நம் நாட்டின் 1993-ஆம் ஆண்டுத் தாவர நோய்த் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். அந்த மண்ணின் ரஸ்தாளி மேல் உங்களுக்கு இருக்கும் ஆசை எனக்குப் புரிகிறது. பக்கத்து ஊர்களில் நம்மவர் தோட்டங்களில் கேட்டுப் பாருங்கள், ஐந்தாறு வருடம் நோயில்லாமல் நிற்கும் தோப்பிலிருந்து கன்று எடுங்கள்.

வியாபாரியிடம் கிடேரிக்கு நோய் என்று நேராகவே சொல்லிவிடுங்கள், அடுத்த தொழுவத்துக்கு அவர் செருப்போடு நுழையாமல் இருக்கட்டும். கிடேரியின் கடைசிப் புண் ஆறிய பிறகு 28 நாள் எண்ணுங்கள். வேறு எதற்கும் வரவில்லை என்றால் அப்போது உழவு மாடுகளைத் தாராளமாக விற்கலாம், உழவை முடித்துவிட்டு விற்றால் இன்னும் நல்லது. முதல் கட்டி கண்ணில் பட்ட தேதியைத் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். அலுவலர் வந்ததும் முதலில் அதைத்தான் கேட்பார்.