திரையில் சரியாக இருக்கும் டிசைன் சிஎன்சி மெஷினில் வெட்டும்போது ஏன் தப்பாக வருகிறது? ஃபைலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

நான் சொந்தமாக வரைந்ததைவிட அடுத்தவர் வரைந்து அனுப்பிய ஃபைலைச் சரிசெய்து சிஎன்சி மெஷினில் (கணினி சொல்லும் வழியில் தானே வெட்டும் மெஷின்) ஏற்றியதுதான் அதிகம், அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் பழைய எரிச்சலும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது இதுதான்: வரைபடம் திரையில் கச்சிதமாக இருக்கிறது, வெட்டினால் சில நேரம் அளவு மாறுகிறது, சில நேரம் ஒரே கோட்டில் இரண்டு தரம் ஓடுகிறது, சில துளைகளை மெஷின் கண்டுகொள்வதே இல்லை. மெஷின் கெட்டுவிட்டதா என்று சந்தேகப்படுகிறீர்கள். பெரும்பாலும் இல்லை, ஸ்பேனரை எடுக்கும் முன் ஃபைலைத் திறந்து பாருங்கள்.

முதலில் அளவு. வெட்டிய துண்டைக் கேலிப்பரில் அளந்து, வந்த அளவை வரைந்த அளவால் வகுத்துப் பாருங்கள். அந்த ஒரு எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால் அது இஞ்ச், மில்லிமீட்டர் குழப்பம். டிஎக்ஸ்எஃப் (ஆட்டோகேட் போன்ற வரைபட மென்பொருள்கள் பரிமாறிக்கொள்ளும் வகை) ஃபைலில் உள்ள எண்களுக்குத் தனித்தனியாக அலகு கிடையாது, ஃபைலின் தலைப்பகுதியில் ஒரே ஒரு இடத்தில் அலகு குறிக்கப்பட்டிருக்கும் (1 என்றால் இஞ்ச், 4 என்றால் மில்லிமீட்டர்), அதையும் பல மென்பொருள்கள் படிப்பதே இல்லை. 100 மி.மீ. வரைந்து 75 மி.மீ. வந்தால் அது எஸ்விஜி (கோடுகளைக் கணக்காக எழுதிவைக்கும் பட ஃபைல் வகை) சமாச்சாரம்: இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருள் ஒரு இஞ்சுக்கு 72 புள்ளி என்று கணக்கிட்டு எழுதுகிறது, படிக்கும் மென்பொருள் 96 என்று எடுத்துக்கொள்கிறது. 93.75 வந்தால் பழைய இன்க்ஸ்கேப் ஃபைல். 2017-ல் வந்த 0.92 பதிப்புக்கு முன்பு அது 90 என்று கணக்கிட்டது, பிறகுதான் 96-க்கு மாறியது. இந்த எண்களை மனப்பாடம் செய்துவைத்தால் அளவு பார்த்த உடனேயே எந்த மென்பொருளில் இருந்து வந்த ஃபைல் என்று சொல்லிவிடலாம், பக்கத்தில் இருப்பவர் உங்களை மந்திரவாதி என்று நினைப்பார்.

ஆனால் வித்தியாசம் மடங்காக இல்லாமல் நிலையான எண்ணாக இருந்தால் கதையே வேறு. 20 மி.மீ. துண்டும் 0.2 குறைகிறது, 200 மி.மீ. துண்டும் அதே 0.2 குறைகிறது என்றால் அது கெர்ஃப், அதாவது வெட்டும் கருவி தின்றுவிடும் அகலம். லேசர் கோட்டின் மேலேயே ஓடும்போது இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி தின்கிறது. அதனால் வெளித்துண்டு ஒரு கெர்ஃப் அளவுக்குச் சிறிதாகும், துளை ஒரு கெர்ஃப் அளவுக்குப் பெரிதாகும். ஒன்றுக்குள் ஒன்று செருகும் பெட்டி செய்கிறவர்கள் இதில்தான் அடி வாங்குவார்கள், ஏனென்றால் செருகும் பல்லும் குறைந்து குழியும் பெருத்து, கெர்ஃப் 0.2 என்றால் இடைவெளி 0.4 ஆகிவிடும், பெட்டி கையில் எடுத்தாலே கலகலவென்று ஆடும். கெர்ஃபை அட்டவணையில் தேடாதீர்கள், உங்கள் மெஷினில் உங்கள் ஷீட்டில் வெட்டி அளவெடுங்கள்: 100 மி.மீ. நீளமுள்ள ஒரு செவ்வகத்தை 10 துண்டாக வெட்டுங்கள், குறுக்கே 11 வெட்டு வரும், துண்டுகளை அந்தக் குழிக்குள்ளேயே ஒரு பக்கமாக நெருக்கித் தள்ளி மிஞ்சும் இடைவெளியை அளந்து 11-ஆல் வகுத்தால் கெர்ஃப். 2.2 மி.மீ. மிஞ்சினால் 0.2. ஒரே ஒரு வெட்டை அளந்து பார்ப்பதைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வரைபவர் கெர்ஃபுக்கு ஈடு கொடுத்து வரைந்திருப்பார், மெஷினை ஓட்டுபவரும் ஆஃப்செட் (வெட்டும் வழியைக் கோட்டில் இருந்து பாதிக் கெர்ஃப் தள்ளுவது) போட்டிருப்பார். இரண்டு பேருமே சரியாக வேலை செய்திருக்கிறார்கள், துண்டு மட்டும் தப்பு. ஃபைல் அனுப்பும்போது "உண்மையான அளவில் வரைந்திருக்கிறேன், ஈடு எதுவும் கொடுக்கவில்லை" என்று ஒரு வரி எழுதி அனுப்புவது என் பழக்கம்.

அடுத்தது, இரட்டைக் கோடு. ஒருமுறை அக்ரிலிக் ஷீட்டில் விளிம்பெல்லாம் உருகி மஞ்சளாகி வந்தது. லென்ஸைத் துடைத்தேன், கண்ணாடியைத் துடைத்தேன், பவரைக் குறைத்தேன், காற்று வரும் குழாயைக் கழற்றி ஊதிக்கூடப் பார்த்தேன், அரை நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் ஃபைலில் ஒவ்வொரு கோடும் அச்சுப் பிசகாமல் இரண்டு தரம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தது. யாரோ காப்பி செய்து அதே இடத்தில் ஒட்டியிருக்கிறார்கள். திரையில் ஒரு கோடுதான் தெரியும், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒன்றுதான் தெரியும். அதற்குப் பிறகு நான் கண்ணை நம்புவதில்லை, மொத்த வெட்டு நீளத்தைத்தான் பார்க்கிறேன்: 100-க்கு 50 செவ்வகத்தின் சுற்றளவு 300, மென்பொருள் 600 என்று காட்டினால் விஷயம் முடிந்தது. ஆட்டோகேட் என்றால் ஓவர்கில் என்ற கட்டளை இந்த இரட்டைகளை நீக்கிவிடும். இரண்டு துண்டுகளை ஒட்ட ஒட்ட அடுக்கி இடம் மிச்சம் பிடிக்கும்போதும் இதே சிக்கல்தான் வரும், நடுவில் உள்ள பொதுக்கோடு இரண்டுக்கும் சொந்தமாக இரண்டு தரம் இருக்கும், ஒன்றை அழிக்க வேண்டும்.

துளைகளை வெட்டாமல் விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூடாத வடிவம். கோட்டின் தொடக்கமும் முடிவும் 0.01 மி.மீ. விலகி இருந்தாலும் கேம் மென்பொருளுக்கு (வரைபடத்தை மெஷின் ஓடும் வழியாக மாற்றும் மென்பொருள்) அது வளையம் கிடையாது, வெறும் வளைந்த கோடு. உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று தெரியாவிட்டால் ஆஃப்செட் எந்தப் பக்கம் போடுவது? சில மென்பொருள் எச்சரிக்கும், சில பேசாமல் விட்டுவிட்டு மற்றதை வெட்டும். ஆட்டோகேட்டில் பிஎடிட் கட்டளையில் ஜாயின் கொடுத்து, எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்று ஒரு எண் கொடுக்கலாம், 0.05 மாதிரி சிறியதில் ஆரம்பியுங்கள், ஒரேயடியாக 1 கொடுத்தால் சின்னச் சின்ன வடிவங்களும் சேர்ந்து ஒட்டிக் கூழாகிவிடும். எவ்வளவு முயன்றும் இரண்டு முனைகள் ஒட்டவில்லை என்றால் உயரத்தைப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கோடுகள் வெவ்வேறு இசட் உயரத்தில் கிடக்கலாம், முப்பரிமாண மாடலில் இருந்து எடுத்த கோடுகளில் இது சகஜம், ஃப்ளாட்டன் கொடுத்தால் எல்லாம் தரைக்கு வந்துவிடும்.

ரவுட்டரில் (லேசருக்குப் பதில் பிட் என்ற சுழலும் வெட்டுமுனை உள்ள மெஷின்) இன்னொரு காரணமும் உண்டு, பிட் நுழையாத இடம். 6 மி.மீ. பிட்டுக்கு 5 மி.மீ. குழி வரைந்தால் வழியே உருவாகாது, அது புரிகிறது. மிகச் சரியாக 6 மி.மீ. வரைந்தாலும் கணக்கின் கடைசித் தசமத்தில் இடித்துக்கொண்டு விட்டுவிடும் மென்பொருள்கள் உண்டு, குழியை 6.1 ஆக்கினால் உடனே வேலை செய்யும். அப்புறம், சுழலும் பிட் உள்மூலையை ஒருபோதும் கூர்மையாக வெட்டாது, 6 மி.மீ. பிட் என்றால் 3 மி.மீ. ஆரம் மூலையில் மிச்சம் நிற்கும். சதுரமான பலகை அதில் உட்கார வேண்டுமென்றால் மூலையைத் தாண்டிச் சற்றுக் கூடுதலாக வெட்டி இடம் விட வேண்டும், நாய் கடிக்கும் எலும்பின் நுனி மாதிரி இருப்பதால் அதற்கு டாக்போன் என்று பெயர். நிறைய பேர் இதை வெட்டி முடித்த பிறகு உளி எடுத்து உட்காரும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

எழுத்து. ஃபான்ட்டாகவே அனுப்பாதீர்கள், எதிர் கணினியில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் வேறு ஏதோ வரும். வளைகோடாக மாற்றி அனுப்புங்கள். தமிழ் எழுத்துக்குக் கூடுதல் வேலை இருக்கிறது. பல ஃபான்ட்களில் கி, தி போன்றவற்றின் கொக்கி தாய் எழுத்தின் மேல் ஏறி நிற்கும், திரையில் கறுப்பாக நிரம்பியிருப்பதால் தெரியாது, வளைகோடாக்கியதும் இரண்டு வெளிக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கும், மெஷின் அதையும் விசுவாசமாக வெட்டி எழுத்தைத் துண்டு துண்டாக்கும். எல்லாவற்றையும் யூனியன் அல்லது வெல்ட் கொடுத்து ஒன்றாக்குங்கள். எழுத்துகளைத் தனியாக வெட்டி எடுக்கிறீர்கள் என்றால் மெய்யெழுத்தின் புள்ளி தனித்துண்டு, அதைச் சின்னப் பாலம் வைத்து இணைக்காவிட்டால் பெயர்ப்பலகையில் க் எல்லாம் க ஆகிவிடும். ஷீட்டில் எழுத்தைத் துளையாக வெட்டினால் நேர் எதிர்: ண, ழ போன்றவற்றின் சுழி உள்ளே இருக்கும் பகுதி கழன்று விழும்.

படத்தை பிடிஎஃப்-க்குள் வைத்துவிட்டு "வெக்டர் அனுப்பியிருக்கிறேன்", அதாவது கோடுகளாகவே வரைந்தது, என்று சொல்பவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிப் பதிவாகிவிடும். பெரிதாக்கிப் பாருங்கள், கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது புகைப்படம்தான். தானியங்கி டிரேஸ் (மென்பொருளே படத்தின் மேல் கோடு போடுவது) செய்தாலும் ஒரு கோட்டுக்கு இரண்டு கோடு வரும், ஏனென்றால் அது கோட்டின் இரண்டு கரைகளையும் வரைகிறது. சின்ன வேலை என்றால் மேலேயே திரும்ப வரைந்துவிடுவதுதான் சீக்கிரம்.

மெஷின் வளைவுகளில் திக்கித் திணறி, விளிம்பில் பல் பல்லாக வருகிறதா? அது அதிகப்படியான புள்ளிகள். டிஎக்ஸ்எஃப்-இன் பழைய பதிப்பான ஆர்12-ல் ஸ்ப்லைன் (இஷ்டத்துக்கு வளையும் கோடு), நீள்வட்டம் என்ற பொருட்களே கிடையாது, அதனால் அப்படிச் சேமிக்கும்போது அவை குட்டிக் குட்டி நேர்கோடுகளாக உடைகின்றன. பழைய மெஷின்கள் ஆர்12-ஐத் தகராறு இல்லாமல் படிப்பது நிஜம், ஆனால் எவ்வளவு பொடியாக உடைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஜிஆர்பிஎல் (சிறிய மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) உள்ள போர்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 115200 வேகத்தில் ஒரு விநாடிக்கு 11,520 எழுத்துகள் போகும், ஒரு ஜி-கோட் (மெஷினுக்கான கட்டளை) வரி சுமார் 20 எழுத்து என்றால் விநாடிக்கு 576 வரி. நீங்கள் நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 50 மி.மீ., 0.05 மி.மீ. துண்டுகளை ஓட்டச் சொன்னால் அதற்கு 1000 வரி வேண்டும். வராது. மெஷின் அடுத்த வரிக்காகக் காத்து நிற்கும், லேசர் அந்த இடத்தில் கருக்கிவிடும். வட்ட வளைவுகளை ஆர்க்காகவே வைத்து ஜி2, ஜி3 வரிகளாக எடுங்கள், மற்ற வளைவுகளில் புள்ளிகளைக் குறையுங்கள்.

அந்த ஜி2, ஜி3-யிலும் ஒரு வேடிக்கை உண்டு. வடிவம் எல்லாம் சரி, ஆனால் வளைவு வரும் இடத்தில் மட்டும் ஷீட்டைத் தாண்டும் பிரம்மாண்ட வட்டம் முன்னோட்டத்தில் தெரிகிறது என்றால், வளைவின் மையப்புள்ளியை ஜி-கோட் ஒரு முறையில் எழுதியிருக்கிறது, மெஷின் வேறு முறையில் படிக்கிறது. தொடக்கப் புள்ளியில் இருந்து எவ்வளவு தூரம் என்று சொல்வது ஒரு முறை (ஜி91.1), வேலையின் பூஜ்ஜியப் புள்ளியில் இருந்து சொல்வது இன்னொரு முறை (ஜி90.1). போஸ்ட் பிராசஸரில் (ஜி-கோடை உங்கள் மெஷினுக்கு ஏற்ப எழுதித்தரும் பகுதி) மாற்றினால் முடிந்தது, டிசைனைத் தொடவே வேண்டாம்.

மற்றதெல்லாம் சில்லறைதான், ஆனால் நாளைக் கெடுக்கும் சில்லறை. அளவுக் கோடுகளையும் தலைப்புப் பெட்டியையும் அழிக்காமல் அனுப்பினால் அவற்றையும் வெட்டும். கிளிப் மாஸ்க்குக்குள் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் மறைப்பு) ஒளிந்திருக்கும் பாகங்கள் வெளியே வரும். எங்கோ இரண்டு மீட்டர் தள்ளிக் கிடக்கும் ஒற்றைப் புள்ளியால் வேலை மேசைக்கு வெளியே போகிறது என்று மெஷின் மறுக்கும். வெட்டும் வரிசையில் உள்துளைகள் முதலில், வெளிக்கோடு கடைசியில் வர வேண்டும், இல்லாவிட்டால் துண்டு கழன்று நகர்ந்த பிறகு துளை வேறெங்கோ விழும். பிளாஸ்மா கட்டருக்கு (உலோகத் தகட்டை உருக்கி வெட்டும் மெஷின்) தகட்டின் தடிமனைவிடச் சிறிய துளைகளை வரையாதீர்கள், அவற்றை டிரில் போட்டுக்கொள்ளலாம். ஃபைல் பெயரைச் சின்னதாக ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள், தமிழில் பெயர் வைத்தால் பழைய கன்ட்ரோலர்கள் பென்டிரைவில் ஃபைலே இல்லை என்று சாதிக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால், டிசைன் மென்பொருளைத் தொடாமல் நோட்பேடில் கையாலேயே ஒரு 50 மி.மீ. சதுரத்துக்கு ஜி-கோட் எழுதுங்கள்: மில்லிமீட்டருக்கு ஜி21, நேரடி அளவுக்கு ஜி90, பிறகு நான்கு மூலைக்கு நான்கு ஜி1 வரி, முதல் வரியில் மட்டும் வேகம். பிட்டுக்குப் பதில் ஒரு பேனாவைக் கட்டிக் காகிதத்தில் வரையவிட்டு, மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள், இரண்டும் 70.7 மி.மீ. வர வேண்டும். இரண்டும் சமமாக வந்து பக்கமும் 50 இருந்தால் மறுபடி ஃபைலைத்தான் குடைய வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறுகியிருந்தால் அச்சுகள் செங்கோணத்தில் இல்லை, ஒரு பக்கம் மட்டும் 49.6 என்று வந்தால் அந்த அச்சின் ஸ்டெப் கணக்கையோ (ஒரு மி.மீ. நகர மோட்டார் எத்தனை படி சுழல வேண்டும் என்பது) பெல்ட்டையோ பார்க்க வேண்டும். அப்போது ஸ்பேனரை எடுக்கலாம்.