சீமைக்கருவேலத்துக்கு வண்டு விடலாமான்னு கேட்டவருக்கு

ராமநாதபுரம் பக்கம் 2 ஏக்கர் முழுக்க சீமைக்கருவேலம், வெட்ட வெட்ட துளிர்க்குது, தென்னாப்பிரிக்காவுல விட்ட வண்டை வாங்கி விடலாமான்னு கேட்டிருக்கீங்க. அந்த வண்டு மரத்தைக் கொல்லாதுண்ணே. 1987ல அங்க விட்ட அல்காரோபியஸ் வண்டு காய்க்குள்ள இருக்குற விதையை மட்டும்தான் திங்கும், மரமும் காயும் தீவனத்துக்கு வேணும்னு நினைச்சதால மரத்தைத் தொடாத பூச்சியா பார்த்துத்தான் எடுத்தாங்க, ஆனா என்னாச்சுன்னா ஆடுமாடு முந்திக்கிட்டு காயைத் தின்னு சாணியோட விதையைப் பரப்பிடுச்சு, வண்டுக்கு மிச்சம் கொஞ்சம்தான்.

ஆஸ்திரேலியாவுல அர்ஜென்டினாவுல இருந்து கொண்டாந்து விட்ட இலைகட்டிப் புழு பரவால்ல, பில்பாரா பக்கம் இலையை உதிர்த்து மரத்தோட வளர்ச்சியையே குறைச்சிருக்கு, அதுவும் மெதுவாத்தான். இங்க இன்னொரு சிக்கல், கோயில்ல கும்பிடுற வன்னி மரம் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கின உறவு மரம், அதையும் திங்குமான்னு சோதிக்காம எதையும் விடக்கூடாது. அரசு அனுமதி இல்லாம வெளிநாட்டுப் பூச்சியைக் கொண்டுவரவும் முடியாது.

நீங்க ஜேசிபி வச்சு தூரோட ஒரு அடி ஆழம் தோண்டி எடுத்துடுங்க, துளிர்க்குற மொட்டு அங்கதான் இருக்கு. காய் விழுறதுக்கு முன்னாடி செய்யுங்க. அப்புறம் மழைக்கு முளைக்குற கன்னுங்களை சின்னதுலயே கையால பிடுங்கிடலாம், சில வருஷம் விடாம பாக்கணும்.