பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெண் வீட்டிலிருந்தே என்ன படிக்கலாம்?

நாகலூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ உயிரியல் பிரிவில் தேர்ச்சி பெற்ற உங்கள் மகள், பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்த பாட்டியை வீட்டில் பார்த்துக்கொள்கிறாள் என்றும், அவளைத் தினமும் மலையிறக்கிச் சேலம் கல்லூரிக்கு அனுப்ப இயலாததால் முதியோர் உடல்நலமும் பராமரிப்பும் சார்ந்த படிப்பை அஞ்சல் வழியில் படிக்கவைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உடன் அனுப்பியிருந்த துண்டறிக்கையையும் பார்த்தேன். 'வீட்டிலிருந்தே ஓராண்டில் பிசியோதெரபி டிப்ளமோ' என்று அழைக்கும் அந்த நிறுவனத்திற்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவம், செவிலியம், மருந்தாளுமை, பிசியோதெரபி ஆகியவற்றைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளே தடுத்துவிட்டன. பிசியோதெரபி என்பது நான்கு ஆண்டுகளுக்கு மேல், பயிற்சிக் காலத்தையும் சேர்த்து, நேரில் படிக்க வேண்டிய பட்டப் படிப்பு. அதற்கு அடுத்து, துணை மருத்துவத் தொழில்களுக்கென 2021இல் இயற்றப்பட்ட தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளையும் 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலோ இணைய வழியிலோ நடத்தக் கூடாது என்று மானியக் குழு அறிவித்தது. உளவியல், உணவும் ஊட்டச்சத்தும் போன்ற பாடங்களும் இதில் அடங்கும். உங்கள் உறவுக்காரப் பெண் சில ஆண்டுகளுக்கு முன் ஊட்டச்சத்துப் பாடத்தை அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் பெற்றதாக எழுதியிருக்கிறீர்கள்; அது உண்மைதான். ஆனால் அந்தக் கதவு இப்போது மூடியிருக்கிறது.

எஞ்சியிருப்பது பராமரிப்பு உதவியாளருக்கான சான்றிதழ்ப் படிப்பு. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ, முதியோர் பராமரிப்பு உதவியாளர், வீட்டுச் சுகாதார உதவியாளர் என்ற பெயர்களில் இத்தகைய சான்றிதழ்ப் படிப்புகளை வகுத்திருக்கிறது. விதிமுறைகள் மாறிவரும் காலம் இது என்பதால், நீங்கள் சேரும் பருவத்தின் தகவல் கையேட்டில் அந்தப் படிப்பு இடம்பெற்றிருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பாடநூல்கள் தமிழில் இருக்கும் என்று எண்ணிச் சேர வேண்டாம். மேலும், இதைப் படிப்பவர் உதவியாளராகலாமே தவிர நர்ஸ் ஆக முடியாது. ஊசி போடவோ மருந்தின் அளவை மாற்றவோ அவருக்கு உரிமை இல்லை. இந்த வேறுபாட்டை மறைத்து ஆள்சேர்க்கும் நிறுவனங்கள் சேலத்திலும் இருக்கின்றன.

வீட்டிலிருந்து எவ்வளவு கற்க முடியும் என்பதே அடுத்த கேள்வி. முதுமையில் தசை ஏன் மெலிகிறது, படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் ஏன் இறங்கித் தலைசுற்றுகிறது, பக்கவாதம் வந்தவருக்குச் சாய்ந்த நிலையில் கஞ்சி புகட்டினால் அது ஏன் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்பவற்றையெல்லாம் புத்தகத்திலிருந்தே நன்றாகக் கற்கலாம். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்கள், முடிந்தவரை, வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்ததையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

பாட்டியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைப் படித்துக் கற்க முடியாது. நாற்காலியை வலுவுள்ள இடப்பக்கம் போட வேண்டும். கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, இரு பாதங்களும் தரையில் படிந்திருக்கின்றனவா என்று பார்த்து, தலைசுற்றல் அடங்கும்வரை பொறுக்க வேண்டும். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும் அளவுக்கு அவரை முன்னே சாயவைத்து, செயலிழந்த காலின் முட்டி மடங்காதபடி தன் முட்டியால் தாங்கிக்கொண்டு எழுப்ப வேண்டும். பாசத்தில் நாம் செய்வதோ, அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது; செயலிழந்த பக்கத்துத் தோள்மூட்டு அதனாலேயே நழுவிவிடக்கூடும். படுக்கைப்புண் வரும் முன் இடுப்பெலும்பின் மேலும் குதிகாலிலும் தோன்றும் சிவப்பை விரலால் அழுத்திப் பார்த்து, அது வெளுக்காவிட்டால் எச்சரிக்கையாக வேண்டும் என்பதும், கருத்த தோலில் அந்தச் சிவப்பு எளிதில் தெரியாது என்பதும் அருகில் ஒருவர் நின்று காட்டினால்தான் கைக்கு வரும். ஆகவே, செய்முறைப் பயிற்சி எந்த ஊரில், எந்த மருத்துவமனையில், எத்தனை நாட்கள் என்று எழுத்தில் சொல்லாத படிப்பில் சேரவே கூடாது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவதுண்டு. பாட்டியின் பெயர் அதில் இல்லையென்றால் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிசியோதெரபிஸ்ட் வரும்போது மகள் பக்கத்திலேயே நிற்கட்டும்.

வேலையைப் பொறுத்தவரை, பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் வசிக்கும் வீடுகள் சேலத்தின் அழகாபுரத்திலும் பேர்லேண்ட்ஸிலும் உள்ளன. அங்கே ஆள் தேவைப்படுகிறது. ஆனால் ஏஜென்சி வழியாகப் போனால் பெரும்பாலும் இரவு பகலாகத் தங்கும் டியூட்டிதான். பத்தொன்பது வயதுப் பெண்ணை முன்பின் தெரியாத வீட்டில் தங்கவைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அசல் சான்றிதழ்களை எந்த ஏஜென்சியிடமும் ஒப்படைக்கவும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. உயிரியல் படித்துத் தேறிய பெண்ணுக்கு, பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடக்கும் பி.எஸ்சி. நர்சிங் கலந்தாய்வு திறந்திருக்கிறது. சேலத்திலேயே அரசு செவிலியர் கல்லூரியும் உண்டு. விடுதியில் தங்கிப் படித்தால் கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் கடக்க வேண்டியதில்லை. பாட்டியை யார் பார்ப்பது என்பீர்கள். உங்கள் கடிதத்தில் கணவரும் மகனும் வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன முறைகளை அவர்களும் கற்றுக்கொள்ளலாம். பராமரிப்பு முழுவதும் பேத்தியின் தலையில் விழுந்ததால்தான் அவள் படிப்பு அஞ்சல் வழியில் மட்டும் தேடப்படுகிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது.

எனவே இந்த ஆண்டு கலந்தாய்வுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். இடம் கிடைக்காவிட்டால் இக்னோ சான்றிதழைப் பார்க்கலாம்; அதன் சேர்க்கை ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரு முறை நடைபெறுவதால் அவசரப்பட வேண்டியதில்லை. வேறு எந்தப் பல்கலைக்கழகம் தொலைநிலைப் பட்டப் படிப்பு என்று அழைத்தாலும், அதன் பெயரும் அந்தப் படிப்பின் பெயரும் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிட்டுள்ள அங்கீகாரப் பட்டியலில், அந்தப் பருவத்திற்கு உரியதாக, இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.