மூன்று மாதத்துக்கு ஓர் அறை

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். சொந்த ஊர் தேவகோட்டை, வேலை மதுரையில் ஒரு மருத்துவமனையில். சனி, ஞாயிறில் காரைக்குடிப் பக்கம் தனியாகப் பார்க்கலாம் என்று ஆசை. கூட்டம் வருமா என்று தெரியாமல் பெரிய அட்வான்ஸ் கொடுத்துக் கடை பிடிக்கப் பயமாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மட்டும் இடம் கிடைக்குமா? கானாடுகாத்தானில் உறவினர் ஒருவர், பங்காளிகள் பலருக்கும் பொதுவான தங்கள் பங்கு வீட்டின் முகப்பை, அதாவது வாசல் பக்க முன்பகுதியை, குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: தங்கச்சி, அந்த முகப்பு வேண்டாம். வீடு அழகுதான், மனசு போகும். ஆனால் நம் செட்டிநாட்டு வீடுகள் எல்லாம் தரையிலிருந்து உயர்த்திக் கட்டியவை. உங்களைத் தேடி வரப்போகிறவர்களில் பாதிப் பேர் முழங்கால் வலிக்காரர்களும் பக்கவாதம் வந்தவர்களும்தான். படியேறித் திண்ணையைத் தாண்டி அவர்கள் எப்படி உள்ளே வருவார்கள்?

அதைவிடப் பெரிய சங்கதி, பங்கு வீடு என்றால் ஒருவர் சொல் செல்லாது. உங்கள் உறவினர் சரி என்பார். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி, "யாரைக் கேட்டு விட்டீர்கள்?" என்பார். எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தத்துக்குப் பலம். போட்டாலும் ஒரு கல்யாணம், முன்னோர்களுக்குப் படைக்கும் ஒரு படைப்பு என்று வந்தால் உங்கள் கட்டிலைத் தூக்கி வெளியே வைக்க வேண்டியதுதான். வீட்டுக்குரிய மின் இணைப்பில் கிளினிக் நடத்தினாலும் தொல்லை வரும்.

என் கணவரின் கிளினிக்கைச் செக்காலை ரோட்டில் பல வருஷம் நான்தான் நிர்வகித்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நீங்கள் இடத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள், நேரத்தை எடுங்கள். நம் ஊரில் தனியாகப் பார்க்கும் டாக்டர்கள் பலருக்கு மாலைதான் கூட்டம். காலையில் அறை பூட்டிக் கிடக்கும். உங்கள் நோயாளிகளான பெரியவர்களுக்கோ காலைதான் வசதி. தரைத்தளத்தில் இருக்கும் ஒரு எலும்பு டாக்டரையோ பொது மருத்துவரையோ பார்த்து, சனி, ஞாயிறு காலை எட்டு முதல் ஒரு மணி வரை அறை கேளுங்கள். பத்துக்குப் பத்து போதும், கட்டிலின் மூன்று பக்கமும் நீங்கள் நடமாட முடிந்தால் சரி. நோயாளியை நடக்கவிட்டுப் பார்க்க வெளியே ஒரு தாழ்வாரம் வேண்டும். திரை, வெஸ்டர்ன் கழிப்பறை, ஒழுங்கான எர்த் இணைப்பு, இந்த மூன்றையும் நேரில் போய்ப் பாருங்கள். வலி குறைய லேசான மின்சாரம் கொடுக்கும் டென்ஸ், அல்ட்ராசவுண்ட் கருவிகளைப் பையில் கொண்டுபோய்விடலாம். கழுத்தையும் இடுப்பையும் இழுத்துவிடும் டிராக்ஷன் கட்டிலை இப்போது வாங்கவே வேண்டாம்.

வாடகையை நாள் கணக்கில் பேசுங்கள். "வாங்குகிற பீஸில் இத்தனை சதவீதம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அவர் அனுப்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் அது கமிஷனாகத்தான் முடியும். நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்கவோ கொடுக்கவோ கூடாது என்று டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. மெடிக்கல் ஷாப்புக்குப் பின்னால் இலவசமாகத் தரும் அறையும் எனக்குப் பிடிக்காது. வாடகை இல்லாத அறைக்கு வேறு ஏதாவது எதிர்பார்ப்பார்கள்.

அந்த டாக்டரே வாடகைக்கு இருப்பவர் என்றால், கட்டட உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் வேறு மாதிரி ஒத்துக்கொண்டு எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. பத்து மாதம் கேட்கிறவரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு மாதமே அதிகம்.

அப்புறம், கிளினிக் பதிவு. மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வாங்கிய சான்றிதழ் அங்கே மாட்டியிருக்கிறதா பாருங்கள். அவருடைய பதிவு உங்கள் பிசியோதெரபிக்கும் பொருந்துமா, நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா என்பதை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பிறகு போர்டு வையுங்கள். தசையில் மெல்லிய ஊசி குத்தும் டிரை நீட்லிங் செய்வதாக இருந்தால் ஊசிகளுக்குக் குத்தித் துளைக்காத வெள்ளைப் பெட்டி வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நீங்கள் ஞாயிறு மதியம் பஸ் ஏறிவிடுவீர்கள், அதனால் அதை மருத்துவக் கழிவு எடுக்க வருகிறவர்களிடம் யார் ஒப்படைப்பது என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மதுரை மருத்துவமனையின் வேலை உத்தரவை எடுத்துப் படியுங்கள். வெளியே தனியாகப் பார்க்கக் கூடாது என்று இருந்தால் முதலில் அங்கே அனுமதி வாங்குங்கள்.

எனக்கு உள்ள ஒரே கவலை, சனியும் ஞாயிறும் அடுத்தடுத்து வருவதுதான். தோள் இறுகிப்போனவருக்கு இரண்டு நாள் பார்த்து ஐந்து நாள் விட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். மதுரையில் வார விடுமுறையை மாற்றிக் கொடுப்பார்களா என்று கேளுங்கள். புதன், சனி கிடைத்தால் ரொம்ப நல்லது. கிடைக்காவிட்டால், இடைப்பட்ட நாட்களில் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைத் தாளில் எழுதி, கூட வரும் மகளிடமோ மருமகளிடமோ செய்துகாட்டி அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் மூன்று மாதம் என்று போட்டு, இரு பக்கமும் பதினைந்து நாள் நோட்டீஸில் விலகலாம் என்று எழுதுங்கள். கூட்டம் சேர்ந்தால் அதே வாடகைக்கு இன்னொரு மூன்று மாதம் நீட்டித் தருவார் என்ற வரியையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.