இரவு டர்ட் டிராக் படங்கள்: கார் நிற்பது போலவே தெரிகிறது என்று கேட்டவருக்கு

வணக்கம் நண்பரே. அமெரிக்காவிலுள்ள எல்டோரா என்ற டர்ட் டிராக்கில் (களிமண் பந்தயத் தடம்) ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி வைத்து எடுத்தும் படம் இருட்டாக இருக்கிறது, ஸ்பிரிண்ட் கார் (சக்கரங்கள் வெளியே தெரியும் சிறிய பந்தயக் கார்) நிறுத்தி வைத்தது போலத் தெரிகிறது, ஓட்டுநர்களும் வாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதல் இரண்டுக்கும் காரணம் ஷட்டர்தான். அந்த வேகத்தில் சக்கரம் உறைந்துவிடும், வெளிச்சமும் போதாது. 1/200-க்கு இறக்கி, காரோடு சேர்ந்து இடுப்பைத் திருப்பி எடுங்கள். பத்தில் எட்டு குப்பைக்குப் போகும், போகட்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு எடுங்கள்: கார் பக்கவாட்டில் சறுக்கும், முன் இடது சக்கரம் தரையை விட்டு எழும்பும், பின் வலது சக்கரம் களிமண்ணை வாரி இறைக்கும். முதலில் நடக்கும் ஹீட் எனும் தகுதிச் சுற்று ஓட்டங்களில் மண் ஈரமாக இருப்பதால் கட்டி கட்டியாகப் பறக்கும். இறுதி ஓட்டத்துக்குள் காய்ந்து வெறும் தூசியாகிவிடும். அதனால் நல்ல படங்களை ஆரம்பத்திலேயே எடுத்துவிடுங்கள்.

ஃபிளாஷ் போடலாமா என்று டிராக் நிர்வாகத்திடம் முன்பே கேளுங்கள். தூசி கிளம்பிய பிறகு அது வேண்டாம், படம் முழுக்க வெள்ளைப் புள்ளிதான் விழும். அந்தத் தூசியில் லென்ஸையும் மாற்றாதீர்கள். தடத்துக்கு நடுவிலுள்ள இன்ஃபீல்டுக்குள் போக அனுமதி கிடைத்தால், ஓடும் கார்களுக்கு முதுகைக் காட்டி நிற்கவே கூடாது.

விற்பனைக்குப் பிரபல ஓட்டுநர்களைத் துரத்தாதீர்கள், அவர்களைச் சுற்றி ஏற்கெனவே நிறைய கேமராக்கள் இருக்கும். உள்ளூர் டிராக்குகளில் ஸ்டாக் கார் (சாதாரணக் கார் உருவத்திலுள்ள பந்தயக் கார்) ஓட்டுபவர்களின் குடும்பமும் சிறு ஸ்பான்சர்களும்தான் வாங்குவார்கள். கார் எண், கதவிலுள்ள கடைப் பெயர் இரண்டும் தெளிவாக விழுந்த படத்தை அன்றிரவே அனுப்பிப் பாருங்கள்.