சட்டம் தெரிகிறது, நாக்கு வரவில்லை

அஸ்ஸலாமு அலைக்கும்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கிண்ணியாவிலிருந்து தினமும் திருகோணமலை டவுனுக்கு வேலைக்குப் போய்வருகிறேன். சின்ன வயதில் தமிழ் எழுத்தில் அச்சிட்ட யாஸீன் கிதாபைப் பார்த்தே ஓதிப் பழகிவிட்டேன். இப்போது குர்ஆனைத் திருத்தமாக ஓதும் முறையான தஜ்வீத் பற்றி ஒரு புத்தகம் வாங்கி இள்ஹார், இத்காம், இக்லாப், இக்ஃபா எல்லாவற்றையும் பாடமாக்கிவிட்டேன். ஓத உட்கார்ந்தால் ஒன்றும் வாயில் வருவதில்லை. மத்ரஸாவுக்குப் போகும் மகன் சிரிக்கிறான். இந்த வயதில் இது சரிவருமா?

- ஒரு வாசகர், கிண்ணியா

வஅலைக்குமுஸ்ஸலாம்.

சரிவரும். தொடங்கிய இடம்தான் பிசகு. நீங்கள் பாடமாக்கியவை நூன் ஸாகினுக்கும் (உயிரொலி இல்லாத நூன்) தன்வீனுக்கும் (சொல் இறுதியில் 'ன்' ஒலி தரும் இரட்டைக் குறி) உரிய நான்கு சட்டங்கள்: தெளிவாகச் சொல்வது இள்ஹார், அடுத்த எழுத்தோடு சேர்ப்பது இத்காம், மீமாக மாற்றுவது இக்லாப், மறைத்துச் சொல்வது இக்ஃபா. தொழுகையில் ஓயாமல் ஓதுகிற, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை எடுத்துப் பாருங்கள். அந்த நான்கில் ஒன்றுக்குத்தான் அங்கே வேலை, அதுவும் ஒரே இடத்தில்: 'அன்அம்த'. நூனை அடுத்து அய்ன் வருவதால் நூனைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், அதாவது இள்ஹார். நம்மில் பலர் 'அன்னம்த' என்று ஓதிவிட்டுப் போகிறோம். அவர்களில் சட்டம் தெரிந்தவர்களும் உண்டு. அய்ன் தொண்டையின் நடுவிலிருந்து எழும்பவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் மக்ரஜ், அதாவது எழுத்து பிறக்கும் இடம். தமிழ் எழுத்துப் பிரதியை மூடி வையுங்கள். வுளு, ளுஹர் இரண்டையும் நாம் ஒரே 'ள'வால்தான் எழுதுகிறோம். பேச்சுக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். அரபியில் முதலாவது ளாத், மற்றது ளா. ளாதுக்கு நாக்கின் பக்க ஓரம் மேல் கடைவாய்ப் பற்களோடு அழுந்த வேண்டும். ளாவுக்கு நாக்கு நுனி மேல் முன்பற்களின் விளிம்பைத் தொட வேண்டும். நம்முடைய ளகரத்துக்கோ நாக்கு மேலே வளைந்து அண்ணத்துக்குப் போகிறது. கண்ணாடி முன் நின்று, வாயைக் கொஞ்சம் திறந்து, ஃபாத்திஹாவின் முடிவில் வரும் 'வலள்ளால்லீன்' சொல்லிப் பாருங்கள். நாக்கு வளையத்தான் துடிக்கும். அதைக் கீழே பிடித்து வைப்பதுதான் முதல் பாடம். அதே சொல்லில் ஆறு ஹரகத் (குறில் அளவு) நீளும் மத்தும் (உயிரொலியை நீட்டுவது) இருக்கிறது. இரண்டு ஹரகத் மத்து நமக்குச் சிரமமில்லை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். ஆறுக்குப் போகும்போதுதான் பாதியில் மூச்சு அவசரப்படும்.

'ப' ஒலிக்கு முன்னால் நூன் மீமாக மாறும் இக்லாபுக்கும் பயப்பட வேண்டாம். 'மகன் பேசினான்' என்பதை வேகமாகச் சொன்னால் 'மகம் பேசினான்' என்றுதானே வருகிறது?

எல்லாப் பிழையும் ஒரே கனம் இல்லை. 'அன்அம்த' என்பதை 'அன்அம்து' என்று ஓதினால் 'நீ அருள்புரிந்தாய்' என்பது 'நான் அருள்புரிந்தேன்' ஆகிவிடும். இது லஹ்னு ஜலிய், வெளிப்படையான பிழை. குன்னா (மூக்கொலி) கொஞ்சம் குறைந்துபோவது அந்த வகை அல்ல. முதலாவதைத் திருத்திவிட்டு அப்புறம் இரண்டாவதற்கு வாருங்கள். திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்ற நபிமொழி, ஹதீஸ் தொகுப்புகளான புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். திணறுபவருக்குத்தான் அது, திருத்தாமல் விட்டவருக்கு அல்ல.

கி.பி. 1429இல் காலமான இமாம் இப்னுல் ஜஸரீ தஜ்வீதுக்கென்றே ஒரு பாட்டு எழுதினார். இன்றும் மத்ரஸாக்களில் அதைப் பாடமாக்குகிறார்கள். தஜ்வீதைக் கைக்கொள்வதற்கும் கைவிடுவதற்கும் நடுவில் இருப்பது வாயைப் பழக்கும் பயிற்சி மட்டுமே என்று அதில் சொல்கிறார். புத்தகம் அந்தப் பயிற்சியைத் தராது. மஃரிப் தொழுகைக்குப் பிறகு உங்கள் பள்ளிவாசல் மௌலவிக்கு எதிரில் உட்கார்ந்து அவர் வாயைப் பாருங்கள். அவருக்கு நேரமில்லாத நாட்களில் மகனிடம் ஓதிக் காட்டலாம். அவன் சிரித்தால் எந்த எழுத்தில் சிரித்தான் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். மதீனா அச்சு முஸ்ஹபில் (குர்ஆன் பிரதியில்) நூனின் மேல் ஸுகூன் குறி (உயிரொலி இல்லை என்று காட்டுவது) இருந்தால் இள்ஹார், சிறிய மீம் இருந்தால் இக்லாப், இரண்டும் இல்லாவிட்டால் இத்காம் அல்லது இக்ஃபா. நம் வீடுகளில் இருக்கும் பழைய இந்திய அச்சுகளில் குறிகள் வேறு மாதிரி. ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றி ஓத வேண்டாம்.