6 கோடி டாலர் ஒப்பந்தம்: அந்த எண்ணை நம்பலாமா?

கேள்வி: என் மருமகன் அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் பிட்சர் (பந்து வீசுபவர்). வயது 30. ஆறு ஆண்டுகள் முடித்து இப்போது ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியுடனும் பேரம் பேசலாம். கலிஃபோர்னியா அணி ஒன்று 5 ஆண்டுகளுக்கு 6 கோடி டாலர் தருகிறது. ஆனால் அதில் பாதி ஆறாவது ஆண்டு முதல் பத்துத் தவணைகளாக, வட்டியில்லாமல் வரும். இன்னோர் அணி 4 ஆண்டுகளுக்கு 4 கோடியே 80 லட்சம், முழுவதும் ஆண்டுக்காண்டு. ஏஜென்ட் முதலாவதையே எடுக்கச் சொல்கிறார். மகளுக்கு என்ன சொல்வது? (வாசகி, டாலஸ்)

பதில்: அம்மா, 6 கோடி என்ற எண்ணை முதலில் மறந்துவிடுங்கள். அது பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் எண். பத்து ஆண்டு கழித்து வரும் டாலர் இன்றைய டாலர் ஆகாது. ஆண்டுக்கு 5 சதவீத வட்டி என்று வைத்துக் கணக்கிட்டால் முதல் ஒப்பந்தத்தின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம். இரண்டாவதன் மதிப்பு 4 கோடியே 25 லட்சம். வித்தியாசம் 15 லட்சம்தான். ஐந்தாவது ஆண்டு முழுவதும் உங்கள் மருமகன் வெறும் 15 லட்சத்துக்குப் பந்து வீசப்போகிறார் என்று பொருள். 2026-இல் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளமே 7 லட்சத்து 80 ஆயிரம்!

பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹேய் ஓட்டானி 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியுடன் 10 ஆண்டுகளுக்கு 70 கோடிக்குக் கையெழுத்திட்டார். அதில் 68 கோடி 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் வரும். ஆடம்பர வரிக்காக (ஓர் அணியின் மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் அந்த அணி லீக்குக்குக் கட்டுவது) லீக் அந்த ஒப்பந்தத்தை ஆண்டுக்கு 7 கோடி என்று எழுதவில்லை; சுமார் 4 கோடியே 60 லட்சம் என்றே எழுதியது. ஓட்டானிக்கு விளம்பர வருமானம் இருக்கிறது, காத்திருக்கலாம். உங்கள் மருமகனுக்கு அப்படி இல்லை.

கடந்த ஆண்டுச் சாதனைக்கு எந்த அணியும் காசு கொடுப்பதில்லை. மலிவாகக் கிடைக்கும் ஒரு மாற்று பிட்சரைவிட இவரால் எத்தனை வெற்றி கூடும், ஒரு வெற்றிக்குச் சந்தை விலை என்ன, முப்பதைத் தாண்டிய தோள் எவ்வளவு வேகமாகத் தேயும் என்றுதான் பார்க்கிறார்கள். கடைசி ஆண்டுகளில் நஷ்டம் வரும் என்று அவர்களுக்கே தெரியும். ஆனாலும் ஆண்டுகளை நீட்டினால் ஆண்டுச் சராசரி இறங்கி அந்த ஆடம்பர வரி குறையும்.

முப்பது வயதில்தான் ஒருவரை முதன்முறையாக விலை பேச விடுகிறார்கள் என்பதே எனக்கு ஆறாத கோபம். ஃப்ரீ ஏஜென்ட் ஆக ஆறு ஆண்டு வேண்டும்; மேஜர் லீக் அணியில் 172 நாள் இருந்தால்தான் ஓர் ஆண்டுக் கணக்கு. 2015-இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்ட் என்ற இளம் வீரரைத் தாமதமாக அழைத்து 171 நாளோடு நிறுத்தியது. முறையிட்டார், தோற்றார், ஃப்ரீ ஏஜென்ட் ஆவது ஓராண்டு தள்ளிப் போயிற்று.

இனி ஏஜென்ட். 5 சதவீதக் கட்டணத்தில் 6 கோடிக்கு 30 லட்சம்; மற்றதற்கு 24 லட்சம். அவர் ஏன் நெருக்குகிறார் என்பது புரிகிறதா? ஒத்திவைத்த பணத்துக்கான கட்டணம், அந்தப் பணம் கைக்கு வரும்போதுதான் என்று எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்டுக்கு வீரர்கள் சங்கத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கையெழுத்தான மறுநாளே, ‘தவணைகளை எங்களுக்கு எழுதிக் கொடுங்கள், இப்போதே மொத்தப் பணம் தருகிறோம்’ என்று சிலர் வருவார்கள். வாசலோடு அனுப்பிவிடுங்கள். பேஸ்பால் வீரர் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் 2017-இல், 18 வயதில், 20 லட்சம் முன்பணம் வாங்கி வருங்கால வருமானத்தில் 10 சதவீதத்தை எழுதிக் கொடுத்தார். 2021-இல் அவருக்கு 34 கோடி ஒப்பந்தம் வந்தது. 2025-இல் நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று.

ஒத்திவைப்பு லாபமாகும் ஒரு வழி உண்டு. கலிஃபோர்னியாவின் உச்ச வருமான வரி 13.3 சதவீதம், நீங்கள் இருக்கும் டெக்சஸில் மாநில வருமான வரியே இல்லை. 1996-இன் மத்திய சட்டப்படி, வேலை முடிந்தபின் பத்து ஆண்டுகளுக்குக் குறையாமல், ஏறக்குறைய சமமான தவணைகளாக வரும் பணத்துக்கு, சம்பாதித்த மாநிலம் வரி கேட்க முடியாது. வாங்கும்போது வசிக்கும் மாநிலமே கேட்கலாம். ஒன்பது ஆண்டு போதாது. ஓராண்டு பெரிது, ஓராண்டு சிறிது என்றாலும் சிக்கல். தவணை வரும் காலத்தில் அவர்கள் உண்மையிலேயே டெக்சஸில் குடியிருக்க வேண்டும். பாதி ஆட்டங்கள் வெளியூரில் நடப்பதால் மிச்சமாகும் வரி முழு 13.3 சதவீதமும் ஆகாது. ஒப்பந்தத்தின் சொற்களை வரி வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும். ஏஜென்ட் சொல்வது போதாது.

ஒத்திவைக்கும் தொகையை 3 கோடியிலிருந்து 1 கோடியாகக் குறைக்கும்படி கலிஃபோர்னியா அணியிடம் கேட்கச் சொல்லுங்கள். மறுத்தால், நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடட்டும்.